சம ஆசனமும் சம போசனமும்

சில நாட்களுக்கு முன், பாகான் டாலாமில் தேநீர்க் கடையொன்றில் நாங்கள் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பள்ளியின் மாணாக்கர் சிலர் ஒன்றுகூடி, எந்தப் பிள்ளையையும் ஜாதியைச் சொல்லியோ, நிறத்தைச் சொல்லியோ, பிறந்த தோட்டத்தைச் சொல்லியோ இழித்துப் பேசுதல் கூடாதென்றும், விருந்து நாட்களில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் கலந்து உட்காரவேண்டுமென்றும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கின்றனர் என்னும் செய்தி பேச்சிடையே வந்தது. கப்பல் துறையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுத் தலையை அசைத்தார். "படிக்கப் போன பிள்ளைகளுக்கு ஊரைத் திருத்துகிற வேலை எதற்குத் தம்பி? அதையெல்லாம் பெரியவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா?" என்றார்.

அப்பெரியவர் சமத்துவத்துக்குப் பகைவரல்லர். மூட்டை சுமந்த கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். பிள்ளைகள் கெட்டுவிடக்கூடாதே என்னும் அச்சமே அவரைப் பேசச் செய்தது. ஆகவே அவர் கேள்வியைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவருக்கு நியாயம் கூறியே விடையிறுக்க வேண்டும்.

அவர் கூற்றில் மூன்று தடைகள் அடங்கியுள்ளன. மாணாக்கன் பிறருக்குக் கீழ்ப்பட்டுக் கற்கவேண்டியவன்; அவன் தனக்கு மேலானவர்களைத் திருத்த முற்படுவது முறையோ என்பது ஒன்று. உலக அனுபவம் இல்லாதவனுக்கு எது நியாயம் என்று எப்படித் தெரியும் என்பது இரண்டு. பிள்ளைகள் மூட்டும் சச்சரவால் ஏழைப் பிள்ளைகளின் படிப்பே முதலில் பாழாகுமன்றோ என்பது மூன்று. இவற்றுள் மூன்றாவதே மிகவும் வலியது. அதற்குக் கடைசியில் வருவோம்.

இக்கேள்வி தமிழருக்குப் புதியதன்று. 1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்னும் சபை தன் முதல் மகாநாட்டைக் கூட்டிற்று. அதனைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் ஹண்டி பேரின்பநாயகம். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. மாணாக்கரோடு இளம் உபாத்தியாயர்களும் அச்சபையில் இருந்தனர். தீண்டாமை ஒழியவேண்டும், தாய்மொழிக்கு உரிய இடம் வேண்டும், தமிழரும் சிங்களவரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்றல்வேண்டும் என்பன அவர்கள் கொள்கைகள். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்றதும் அவர்களே. வாலிபர் காங்கிரஸ் என்று பின்னர்ப் பெயர்பெற்றது இச்சபையே.

அக்காலத்து யாழ்ப்பாணப் பள்ளிக்கூடம் எவ்வாறிருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளைப் பல பள்ளிகள் சேர்த்துக்கொள்வதே இல்லை. சேர்த்துக்கொண்ட இடங்களிலும், ஏனையோர் வாங்கிலிருக்க, இவர்கள் தரையில் இருந்தனர். ஒரே உபாத்தியாயர், ஒரே பாடம், ஒரே கூரை. உட்காரும் இடம் மட்டும் வேறு. இதனை மாற்றவேண்டும் என்று எழுந்த குரலே சம ஆசனம், சம போசனம் என்பது. உடன் உட்காருதல், உடன் உண்ணுதல் என்பதற்குமேல் அதில் ஒரு தத்துவமும் இல்லை. ஆயினும் அவ்விரண்டுக்கும் எழுந்த எதிர்ப்பு பெரிது. அரசாங்க உதவிப்பணம் பெறும் பள்ளிகளில் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்னும் கட்டளை நடைமுறைக்கு வந்த 1929, 1930-ஆம் ஆண்டுகளில், அதை நீக்கும்படி கனவான்கள் மனுச் செய்தனர்; சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. வாலிபர் காங்கிரஸ் கட்டளையின் பக்கம் நின்றது.

இங்கே முதல் தடையை ஆராய்வோம். கீழ்ப்படிதல் என்பது எதற்கு? கணக்குப் போடும் முறையை உபாத்தியாயரிடம் கேட்டுக் கீழ்ப்படிதல் அறிவுக்கு வழி. ஆனால் பக்கத்துப் பிள்ளை தரையில் இருக்கவேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்தில் உள்ளது? பள்ளிக்கூடம் வாயால் ஒன்றைக் கற்பிக்கிறது; இருக்கையால் மற்றொன்றைக் கற்பிக்கிறது. வாய்ப்பாடத்தை மறந்துபோகிற பிள்ளையும் இருக்கைப்பாடத்தை மறப்பதில்லை. மனிதர் யாவரும் ஒருவரே என்று வாய்ப்பாடமாய்ப் படித்த மாணாக்கன், அப்படியானால் இந்த இருக்கை ஏன் என்று கேட்பானாயின், அவன் ஆசிரியரை மீறியவனல்லன். அவர் சொல்லை நம்பியவன்.

இரண்டாவது தடை அனுபவத்தைப் பற்றியது. அனுபவம் எதை எப்படிச் செய்வது என்பதில் பெரியோருக்கு உதவும். ஆனால் நெடுநாள் அனுபவமே கண்ணை மறைத்துவிடுவதும் உண்டு. சேரன்மாதேவிக் குருகுலத்தை எண்ணிப் பாருங்கள். வ. வே. சு. ஐயர் நாட்டுக்காக உயிரையும் பொருட்படுத்தாதவர். ஜாதி பாராட்டாமல் தாமே பலரோடும் உண்டவர். எனினும் 1922-இல் தொடங்கிய அவரது குருகுலத்தில், பெற்றோர் விரும்பினர் என்பதற்காகப் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவிடப்பட்டது. இருவருக்குத்தானே, சிறு சலுகைதானே என்று அப்பெரியவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் அதனை எதிர்த்தனர். 1925-இல் தமிழ்நாடு காங்கிரஸே அதனால் கலங்கிற்று. நல்லவர் ஒருவர் விட்டுக்கொடுத்த சிறு சலுகை, தனியே உண்ணாத மற்றப் பிள்ளைகள் அனைவருக்கும் தினந்தோறும் என்ன பாடம் சொல்லிற்று என்பதை, அந்தப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளையே நன்கு அறிவான். அனுபவம் அங்கே அவனுக்குத்தான் இருந்தது, பெரியோருக்கு இல்லை.

இனி மூன்றாவது தடை. அமெரிக்காவின் வர்ஜீனியா நாட்டில் பார்ம்வில் என்னும் சிற்றூரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியே ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. 180 பேருக்காகக் கட்டிய கட்டடத்தில் 450 பேர் வரை படித்தனர். இடம் போதாமல் தார்க்காகிதம் வேய்ந்த கொட்டகைகளிலும் வகுப்பு நடந்தது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயதுப் பெண் மாணாக்கரைக் கூட்டி, வெளிநடப்புச் செய்வித்தாள். அவர்கள் முதலிற் கேட்டது நல்ல கட்டடம். உதவிக்கு வந்த வழக்கறிஞரோ, தனிப்பள்ளியைச் சீர்படுத்தக் கேட்பதானால் வரமாட்டோம், பிரிவினையையே ஒழிக்கக் கேட்பதானால் வருவோம் என்றனர். பிள்ளைகள் இசைந்தனர். அவ்வழக்கு ஏனைய நான்கு வழக்குகளோடு சேர்க்கப்பட்டு, பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-இல் தீர்ப்பாயிற்று.

வெற்றி என்று கதையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் உண்மை அதோடு முடியவில்லை. சேர்ந்து படிக்கவிடுவதைவிடப் பள்ளிகளையே மூடிவிடுவோம் என்று அந்த மாவட்டத்தார் துணிந்து, 1959 முதல் 1964 வரை அரசாங்கப் பள்ளிகள் அனைத்தையும் மூடினர். வெள்ளையர் தம் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைத்துக்கொண்டனர். கறுப்பினப் பிள்ளைகள் பலர் அவ்வைந்தாண்டும் படிப்பின்றி நின்றனர். யாழ்ப்பாணத்துத் தீயும் யாருடைய பள்ளிக்கூடங்களை எரித்தது? பெரியவரே, உங்கள் அச்சம் வீணன்று. கேட்டவர்களே இழந்தார்கள் என்பது மெய்.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். கதவை மூடியவர் யார்? தீயை வைத்தவர் யார்? பிள்ளைகளல்லர். "சச்சரவு வேண்டாம்" என்று கேட்டவனிடம் சொல்லுகிறோமேயொழிய, மூடியவனிடம் சொல்லுகிறோமில்லை. இழப்பு வரும் என்பது, பிள்ளைகளை வாயடைக்கக் காரணமாகாது. அவர்களைத் தனியே விட்டுவிடாமல் பெரியோர் பக்கத்தில் வந்து நிற்கக் காரணமாகும். பிள்ளைகள் தலைமை தாங்கலாம். விலையை அவர்களே தனித்துக் கொடுக்கும்படி விடலாகாது. பெரியோர் பார்த்துக்கொள்ள வேண்டிய பங்கு இதுவே.

இதனை நான் நூலறிவினால் மட்டும் சொல்லவில்லை. நான் படித்த பள்ளியொன்றில் என் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பையன் இருந்தான். விடியுமுன் தாயோடு பால்மரக் காட்டிற்குச் சென்று ஒட்டுப்பால் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் பள்ளிக்கு வருவான். குளித்து வந்தாலும் அந்த வாடை அவன் கையில் நிற்கும். பட்டணத்துப் பிள்ளைகள் அவனுக்கு "ஒட்டுப்பால்" என்றே பெயரிட்டனர். பிறகு அவன் ஜாதியையும் சேர்த்து அழைத்தனர். ஆசிரியர் ஒருவர் அதைக் கேட்டுப் புன்சிரிப்போடு போனார். நான் அவனை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. ஆனால் ஒருநாள் என் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வேறு பலகைக்குப் போய்விட்டேன். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். யாழ்ப்பாணத்து வாங்குகளைப் பற்றி எழுதும் என் கை, அன்று ஒரு பலகையைக் காலிசெய்த கை.

இதிலிருந்து நான் கற்றது, சமத்துவப் பணியில் யார் முன்னிற்க வேண்டும் என்பது. யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸில் முன்நின்றோர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற மேற்குலத்தார். அவர் செய்தது அரிய செயல். எனினும் வாங்கிலிருப்பவன் செய்யக்கூடியது ஓரளவே: தான் நகர்ந்து இடம்விடலாம், பரிகசிப்போரைத் தடுக்கலாம். தரையிலிருப்பவனுக்கு வேண்டியது என்ன என்பதை அவனே சொல்லவேண்டும். 1940-களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தோன்றித் தம் வழக்கைத் தாமே பேசத் தொடங்கியது அதனாலேயே. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957-இல் வந்த பின்னரும், 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் அம்மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. இரக்கம் பெற்றவன் நன்றி சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். உரிமை பெற்றவனுக்கு அக்கடன் இல்லை. மாணாக்கர் சங்கங்கள் இரக்கச் சங்கங்களாய் முடியாதிருக்க வேண்டுமானால், தோட்டத்துப் பிள்ளையும், நொண்டிப் பிள்ளை என்று ஒதுக்கப்பட்டவனும், தாய்மொழி வேறான பிள்ளையும் அச்சங்கங்களில் தீர்மானம் எழுதுகிறவராய் இருத்தல்வேண்டும்.

சிலர் கேட்பர்: அப்படியானால் தமிழ்ப்பள்ளி என்று தனியே இருப்பதும் பிரிவினைதானே? அன்று. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் எந்தப் பிள்ளையும் பிறர் தள்ளியதனால் போய்ச் சேரவில்லை. தன் மொழியைக் கற்கப் பெற்றோர் விரும்பியதனால் சேர்கிறது. பார்ம்வில் பள்ளியோ, உள்ளே போனவர் விரும்பி அமைத்ததன்று. வெளியே நின்றவர் வேலியிட்டது. விரும்பி ஏற்ற வேற்றுமை ஒரு சொத்து. சுமத்தப்பட்ட வேற்றுமை ஒரு தண்டனை. இவ்விரண்டையும் குழப்பலாகாது. ஆனால் தமிழ்ப்பள்ளிக்குள்ளேயே ஜாதியும் தோட்டமும் பேசப்படுமாயின், நாமே அந்த வேலியை உள்ளே நட்டவராவோம். பின்பு இடைநிலைப்பள்ளியில் மலாய், சீனப் பிள்ளைகளோடு நம் பிள்ளை உட்காரும்போது, அங்கே சமமரியாதை கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கும்? ஜார்ஜ் டவுனில் 1816-ஆம் ஆண்டிலேயே, இனமும் மதமும் பாராது பிள்ளைகளைச் சேர்க்கும் நோக்கத்தோடு பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. ஆனால் வாயிலைத் திறப்பது ஸ்தாபகர் வேலை. உள்ளே வந்தவனுக்குப் பக்கத்தில் இடம்விடுவது மாணாக்கர் வேலை. அதை எந்தச் சட்டமும் அவர்களுக்காகச் செய்துகொடுக்க முடியாது.

அந்தப் பெரியவரை மறுபடியும் காண்பேன். "ஐயா, பிள்ளைகள் ஊரைத் திருத்தவில்லை, தங்கள் பலகையைத் திருத்துகிறார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அவர்கள் எழுதிக்கொடுத்த தாளைத் தலைமையாசிரியர் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதபடி, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று அவரிடம் சொல்லப்போகிறேன். தோட்டத்திலும் பட்டணத்திலும் இதனை வாசிக்கும் அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் அதுவே. இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், "உன் பக்கத்தில் யார் உட்காருகிறான்? யார் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் விடையாக வருமானால், நாளைக் காலை அப்பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காரும்படி அன்போடு சொல்லி அனுப்புங்கள். சம ஆசனம் அங்கே தொடங்கும்.