ஆவிக்குள் இருந்ததா உலோகம்?

காரியம் தோன்றும் முன்பே காரணத்தில் உள்ளதா, அன்றி முன்பு இல்லாதது புதிதாகப் பிறக்கிறதா என்னும் வினாவில், உள்ளதே தோன்றும் என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொண்டனர். இல்லதும் தோன்றும் என்னும் அசற்காரியவாதத்தை நியாய வைசேடிகர் கொண்டனர். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் வருகிறது, மணலில் இல்லாததால் வருவதில்லை என்பது முன்னவர் காட்டும் சான்று.

இவ்வினாவை ஒரு வேதிவினையில் வைத்துப் பார்க்கலாம். 1890இல் லுட்விக் மான்டும் அவருடன் பணிபுரிந்தோரும், மிதமான சூட்டில் நிக்கல் மீது கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினால் உலோகமே ஆவியாகிச் செல்வதை வெளியிட்டனர். ஓர் உலோக அணுவும் அதைச் சூழ்ந்து பிணையும் ஈனிகள் என்னும் மூலக்கூறுகளும் சேர்ந்ததே அணைவுச் சேர்மம். இங்கே உருவாகும் அத்தகைய சேர்மமான, நான்கு கார்பன் மோனாக்சைடு ஈனிகளைக் கொண்ட நிக்கல் கார்பனைல் 43 பாகை செல்சியசில் கொதிக்கும் கொடிய நஞ்சு. அதன் ஆவி ஏறத்தாழ 200 பாகைச் சூடுள்ள பரப்பைத் தொட்டதும் ஈனிகள் கழன்று அகல, நிக்கல் படலமாகப் படிகிறது.

அணு அழியாமல் மீண்டதால் இது சற்காரியவாதத்துக்கு வலுவான சான்றாகவே தோன்றும். ஆயினும் படலத்தைக் காந்தம் ஈர்க்கிறது, கார்பனைலை ஈர்ப்பதில்லை. அந்த ஈர்ப்பு தனி அணுவுக்குள் ஒளிந்திருந்து வெளிப்பட்டதன்று, எண்ணற்ற அணுக்கள் நெருங்கி அமர்ந்த கூட்டத்தில் எழுந்தது.

அலுமினியம் இவ்வழக்கை இன்னும் கடினமாக்குகிறது. மூவைசோபியூட்டைல் அலுமினியம் என்னும் சேர்மத்தை 250 பாகை அளவில் சூடாக்கினால், ஈனியிலுள்ள ஹைட்ரஜன் அணு உலோகத்துக்கு இடம்பெயர, எஞ்சிய பகுதி ஐசோபியூட்டீன் வாயுவாக விலகி, ஹைட்ரஜனும் வெளியேறியபின் தூய அலுமினியம் நிற்கிறது. வெப்பம் மிகுந்தாலோ ஈனியின் மெத்தில் தொகுதி உடைந்து, கரி படலத்தில் கலந்துவிடுகிறது. ஒரே காரணத்திலிருந்து இரு காரியங்கள் வருமெனில், முன்பே இருந்தது தூய படலமா, மாசுற்ற படலமா?

இரண்டும் சத்தி வடிவில், அதாவது வெளிப்படாத ஆற்றலாக இருந்தன என்று சித்தாந்தி விடை கூறலாம். ஆனால் எது வெளிப்படும் என்பதை அந்தச் சத்தி மட்டும் முடிவுசெய்வதில்லை. இதனாலேயே, பொருளாகிய முதற்காரணத்தோடு துணைக்காரணத்தையும், செய்வோனாகிய நிமித்த காரணத்தையும் சித்தாந்தம் சேர்த்து வைத்தது மிக ஆழமான பகுப்பு எனக் கொள்ளத் தகும். இங்கே வெப்பமும் பரப்பும் துணைக்காரணங்கள். வெப்பத்தின் அளவை வகுப்பவன் நிமித்தன். எல்லாம் முன்பே அடங்கியிருப்பதால் செய்வோனுக்கு வேலை இல்லை என்று சற்காரியவாதத்தை விதிவாதமாகப் படிப்பது பிழை.