எங்க தேடல்ல வரல

மூன்றாம் ஆண்டில் நிரலாக்க மொழிகள் பற்றி ஒரு பேப்பர் இருந்தது. ஐந்து பேர் கொண்ட டீம், டீமுக்கு ஒரு மொழி. அதை ஆராய்ந்து வகுப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் பக்கத்து டீமுக்குப் பைதான் வந்தது, எங்களுக்கு அடா. "வாடா போடான்னு சொல்ற அடாவா?" என்று கடைசி பெஞ்ச் சிரித்தது.

ஐந்து பேரில் உண்மையில் வேலை செய்தது இரண்டு பேர்தான். ஹாஸ்டல் நண்பன் லேப் கணினியில் கம்பைலரைப் போட்டுச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிப் பார்த்தான். நான் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். மற்ற மூவரும் ஸ்லைடுக்கு நிறம் தேர்ந்தெடுத்தார்கள்.

வரலாறு சுவாரசியமாகவே இருந்தது. 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் திட்டங்களில் நூற்றுக்கணக்கான மொழிகள் புழங்கின. அவற்றுக்குப் பதிலாக ஒரே மொழியை உருவாக்கப் போட்டி வைத்தார்கள். நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் மதிப்பீடு சாய்ந்துவிடும் என்று நான்கு அணிகளுக்கும் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களையே பெயராக வைத்தார்கள். 1979இல் ழான் இஷ்பியாவின் பச்சை அணி வென்றது. அடா லவ்லேஸின் நினைவாக மொழிக்குப் பெயர். தர ஆவணத்தின் எண்கூட 1815, அவர் பிறந்த ஆண்டு. மீட்டரையும் அடியையும் தனித்தனி வகைகளாக அறிவித்துவிட்டால், இரண்டையும் தெரியாத்தனமாகக் கூட்ட கம்பைலர் விடாது. ஒரே வாரத்தில் அது எனக்கு 'நம்ம அடா' ஆகிவிட்டது. சீட்டில் விழுந்த மொழிக்கு வக்கீலாகியிருந்தேன்.

முந்தின நாள் இரவு நண்பன் புதிதாக நான்கு ஸ்லைடுகளோடு வந்தான். ஏரியான் 5 ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று ஃபிரெஞ்சு கயானாவிலிருந்து முதல்முறையாகக் கிளம்பி, சுமார் 40 விநாடிகளில் நான்கு செயற்கைக்கோள்களோடு சிதறியது. ஏரியான் 4க்காக அடாவில் எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஒரு 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. பிழை எழுந்தது, ஆனால் அதைக் கையாள அந்த இடத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. மாற்றுக் கணினியிலும் அதே நிரல்தான், எனவே அதுவும் நின்றது. இதில் கொடுமை என்னவென்றால், ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை.

"நம்ம மொழிய நாமளே எதுக்குடா அசிங்கப்படுத்தணும்?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான்கையும் நீக்கினேன்.

மறுநாள் மேடம் கேட்டார்: "அடால எழுதினது எதுவும் ஃபெயில் ஆகலையா?"

"எங்க தேடல்ல அப்படி எதுவும் வரல மேடம்."

பக்கத்தில் நின்றவன் தரையைப் பார்த்தான். மேடம் இரண்டே வாக்கியத்தில் ஏரியான் கதையைச் சொல்லி முடித்தார். ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண், குறைவாக.

சொன்னது பொய், அதில் எனக்குக் குழப்பமில்லை. இத்தனை வருடமாகக் குடைவது அந்த 'எங்க'. 'நம்ம மொழி' என்று சொல்லி இரவில் அவனைச் சேர்த்துக்கொண்டேன். 'எங்க தேடல்' என்று சொல்லிக் காலையில் அவன் பின்னால் ஒளிந்துகொண்டேன். தேடிக் கண்டுபிடித்ததே அவன்தானே!

ஏரியான் விசாரணை அறிக்கையை வேலைக்கு வந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன். ஆபத்திருந்த ஏழு மாறிகளில் நான்குக்குத்தான் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. மீதி மூன்றை விட்டுவிடும் முடிவு, திட்டத்தின் பங்காளிகள் பல மட்டங்களில் கூட்டாக எடுத்தது என்கிறது அறிக்கை. ஏன் விட்டார்கள் என்ற விளக்கம் நிரலுக்குள் இல்லை. அவர்கள் என்னைப்போல எதையும் மறைத்தவர்கள் இல்லை, ஏரியான் 4க்கு அது நியாயமான முடிவுதான். ஆனாலும் 'கூட்டாக' என்ற சொல்லைத் தாண்டிப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது வேலையில், கோளாறு அறிக்கைகளில் யார் பெயரையும் எழுதுவதில்லை. பழி வருமென்றால் ஆள் மறைப்பான் என்பதால் இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் 'முடிவெடுக்கப்பட்டது' என்று டைப் பண்ணும்போது கை கூசுகிறது. பெயரைச் சொல்லாமல் விடலாம், ஆனால் எடுத்தவனுக்காவது தெரிய வேண்டாமா, எடுத்தது தான்தான் என்று? ஐந்து பேர் செய்த தப்பை ஐந்தாகப் பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுக்க அது கேக் இல்லை. வாய் திறக்காதவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அன்றிரவு அவன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அவனுக்கு என்னவாக இருந்தது என்று கேட்கவே இல்லை.

போன வருடம்தான் போனில் கேட்டேன். சிரித்தான்.

"டேய், நீ டெலீட் பண்ணப்போ எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. அந்த நாலு ஸ்லைடையும் நான்தான பேசியிருக்கணும்? அப்போ இங்கிலீஷ்ல வாயத் தொறக்கவே பயம்."

பதினான்கு வருடமாக அவனுக்கு அநியாயம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

"அப்புறம் ஏன்டா ராத்திரி முழுக்க உக்காந்து அதைச் செஞ்ச?"

"நல்லா இருந்துச்சுடா. படிச்சிட்டுத் தூக்கமே வரல."