காளைக்குக் கண் தரும் கணக்கு

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு புதுக்கோட்டை மாவட்டத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். கட்-ஆஃப் எவ்வளவு, கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி கிடைக்கும், சி.எஸ்.இ. எடுக்கலாமா, மன்னர் கல்லூரியில் பி.எஸ்சி. போதுமா? இதற்கு நடுவில் ஒரு பையனோ பெண்ணோ “நான் கேம் புரோகிராமர் ஆகணும்” என்று சொன்னால் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரிவதில்லை. ஆசிரியர், நர்ஸ், ஐ.டி. வேலை, சிங்கப்பூர் வேலை என எதற்கும் தெருவுக்கு ஓர் ஆள் உண்டு, கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளலாம். அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ கேம் எழுதிச் சம்பாதிக்கும் ஒருவரைச் சொந்தபந்தத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். முன்னே போனவர் இல்லாத பாதையில் பிள்ளையை எந்த நம்பிக்கையில் அனுப்புவது?

ஆன்லைன் ரம்மி வேறு ‘கேம்’ என்ற சொல்லையே கெடுத்து வைத்திருக்கிறது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்த ஒரு தாய் ‘கேம்’ என்றதும் பயப்படுவதில் தவறே இல்லை. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2023இல் சட்டம் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடை போட்டது. ஆனால் அதே 2025 சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பணம் வைக்காத விளையாட்டுகளையும் ஊக்குவிக்கவும் சொல்கிறது. பிள்ளை கேட்பது இந்த இரண்டாவது பக்கத்தைத்தான் என்பதை வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

மீதிச் சண்டை பட்டத்தைப் பற்றியது. இந்தத் துறையின் பெரிய பெயர்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். கேம் நிறுவனமான நின்டெண்டோவின் தலைவராக 2002இல் பொறுப்பேற்ற சதோரு இவாடா, டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் படித்த புரோகிராமர். கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் என்ஜினை எழுதிய டிம் ஸ்வீனி மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்தது மெக்கானிக்கல். 1993இல் வந்த ‘டூம்’ விளையாட்டின் புரோகிராமர் ஜான் கார்மாக் இரண்டு செமஸ்டரோடு கல்லூரியை விட்டவர். மூன்றாமவர் கதையைக் காட்டிக் “கல்லூரியே வேண்டாம்” என்று கிளம்பும் வீடியோக்கள் ஏராளம். கீரனூரில் கூலி வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைக்கு அந்த யோசனையைச் சொல்வது பெரிய அநியாயம். பட்டம் இல்லாமல் விழுந்தால் தாங்கிப் பிடிக்க அந்த வீட்டில் எதுவும் இல்லை.

இந்த மூவருக்கும் பொதுவாக இருந்தவை கணக்கும் கோடிங்கும். அதில் கணக்கு புதுக்கோட்டைப் பிள்ளைகளின் பையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பிலேயே வெக்டர் இயற்கணிதமும் அணிகளும் வந்துவிடுகின்றன.

ஓர் உதாரணம். ஆண்டுதோறும் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான், கந்தர்வகோட்டைப் பக்கம் இருக்கிறது. அதையே ஒரு கேமாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வாடிவாசலை விட்டு வெளியே வந்த காளைக்கு ஒரு வீரன் கண்ணில் படுகிறானா இல்லையா என்று கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்யும்? காளை பார்க்கும் திசை ஒரு வெக்டர். அது (1, 0) என்று இருக்கட்டும். காளையிடமிருந்து வீரன் நிற்கும் இடம் (3, 4). அதன் நீளம் 5. நீளத்தால் வகுத்தால் (0.6, 0.8). இரண்டுக்கும் புள்ளிப் பெருக்கல் போட்டால் விடை 0.6; இரண்டு திசைகளுக்கும் இடையிலான கோணத்தின் காஸ் மதிப்பு இதுதான். காளைக்கு இருபுறமும் 60 டிகிரி வரை தெரியும் என்று வைத்தால் காஸ் 60 என்பது 0.5. விடை அதைவிடப் பெரியது; ஆகவே காளை அவனைப் பார்த்துவிட்டது, திரும்பிப் பாய வேண்டும். அவன் (–3, 4) என்ற இடத்தில் நின்றிருந்தால் விடை மைனஸ் 0.6, அவன் பின்புறத்தில் நிற்கிறான், காளைக்குத் தெரியாது. நொடிக்கு 60 முறை திரையை மாற்றி வரையும் விளையாட்டில் ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் நேரம் 17 மில்லி நொடிகூட இல்லை. அதற்குள் இந்தக் கணக்கை ஒவ்வொரு வீரனுக்கும் போட்டு முடிக்க வேண்டும்.

பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் பகுதி இது. எதற்குப் பயன்படும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடத்தினால் வகுப்பில் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

ஆகவே கணக்கையும் கணினி அடிப்படையையும் ஆழமாகத் தரும் பட்டம் எதுவோ அதுவே சரியான பட்டம். கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியில் சி.எஸ்.இ. கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கட்-ஆஃப் எட்டவில்லையென்றால் இடிந்துபோக ஒன்றுமில்லை. மன்னர் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே சி++ பழகலாம். பிறகு நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதித் துவாக்குடியில் இருக்கும் திருச்சி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. சேரலாம். சுற்றுவழிதான், ஆனால் கடன் குறைந்த வழி.

பெயரிலேயே ‘கேம்’ என்று போட்டுப் பல லட்சம் கேட்கும் தனியார் படிப்புகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். இந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் அதிகம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. அடுத்த மாதமே சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேர். அப்படி ஒரு காலத்தில் படிப்பை முடிப்பவருக்கு வங்கியிலோ மருத்துவமனை மென்பொருளிலோ நுழையவும் வழி திறந்திருக்க வேண்டும். பொதுவான கணினிப் பட்டம் அந்த வழியை மூடுவதில்லை.

பட்டம் நேர்காணல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே போனதும் “நீ செய்த கேமைக் காட்டு” என்பார்கள். அதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் ‘விசை’ என்ற சின்னக் குழு 2023இல் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. அதில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், அழிந்துபோன எழுத்துகள் கொண்ட சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி ஊற்றுகிறாள், புட்டு அவிக்கிறாள். எது முதலில், எது பிறகு என்று ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, கார் பந்தயம் இல்லை. அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது 2024இல் அதற்குத்தான் கிடைத்தது. நம் அடுப்பங்கரையை வைத்து அவர்களால் முடிந்தால், நம் வாடிவாசலை வைத்து இங்கிருப்பவர்களாலும் முடியும்.

கருவிக்கும் காசு வேண்டாம். அர்ஜென்டினாவில் பிறந்த கோடோ என்ஜின் 2014 முதல் எல்லோருக்கும் இலவசம். சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். கல்லூரி திறக்கும் முன் அதில் ஒரு சின்னக் கேமை, அசிங்கமாக இருந்தாலும், முடித்துப் பார்த்துவிடுவது நல்லது. விளையாடப் பிடிப்பது வேறு, இரவு முழுக்க ஒரு பிழையைத் தேடப் பிடிப்பது வேறு. எது தனக்கு வரும் என்று அந்தக் கோடை விடுமுறையே சொல்லிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கணினிப் படிப்புக்கும் முன்பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, ஊரில் உள்ள கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். லீனியர் அல்ஜீப்ரா, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், சி++ மூன்றும் அதில் இல்லையென்றால், பட்டத்தின் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் வேறு கல்லூரி பாருங்கள்.