இடம் கொடுத்தால்

அடுத்த வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்க எங்கள் திண்ணையில் இடம் கேட்டான். "இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்" என்ற பழமொழி என் நாக்கில் தயாராக இருந்தது. மறுத்துவிட்டேன். பிறகுதான் ஒரு கேள்வி உறுத்தியது: கொடுத்த இடம் எதுவரை போகும் என்று யாராவது அளந்து பார்த்ததுண்டா?

கணித சாஸ்திரத்தில் அளந்திருக்கிறார்கள். 1904-ல் ஜெர்மெலோ என்ற ஜெர்மானியர் ஒரு சலுகை கேட்டார். முடிவில்லாத பைகள் இருக்கின்றன, எதுவும் காலியில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொருளை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். எந்த விதிப்படி எடுத்தோம் என்று சொல்ல வேண்டாம் என்றார். பூட்ஸ் ஜோடிகளானால் இடது காலுக்குரியதை எடு என்று விதி சொல்லிவிடலாம், காலுறைகளுக்கு என்ன செய்வது என்பது பெர்ட்ரண்டு ரஸ்ஸல் சொன்ன பிரசித்தமான உதாரணம். பிரான்சில் பொரேல், பேர், லெபேக் மூவரும் ஆட்சேபித்தார்கள். ஆனால் பைகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்ண முடிந்தால் மட்டும் செல்லக்கூடிய சிறிய சலுகை, அவர்களுடைய சொந்த நிரூபணங்களிலேயே சத்தமில்லாமல் புகுந்திருந்தது! அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சிறியதை ஒப்புக்கொண்டவன் பெரியதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. 1963-ல் பால் கோஹன் கண்ட முறையால் இது உறுதியாயிற்று.

பழமொழி பொய் என்று முடிவுகட்ட இருந்தேன். இன்னொரு சலுகை என்னைத் தடுத்தது. எல்லாப் பைகளிலும் இரண்டிரண்டு பொருள்கள் இருந்தால் மட்டும் எடுக்கலாம் என்று அனுமதிப்போம். நந்நான்கு இருந்தால்? நாலு பயில்வான்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராக மோதினால் ஆறு குஸ்தி. ஒவ்வொன்றிலும் ஜெயித்தவன் யார் என்பதை நம் சலுகையே சொல்லிவிடும். ஆறு வெற்றிகளை நாலு பேருக்குச் சமமாகப் பங்கிட முடியாது. முதலிடத்தில் ஒருவன் நின்றால் அவனை எடுக்கலாம். இருவர் நின்றால் மறுபடியும் அதே சலுகை. மூவர் நின்றால், எல்லாரிடமும் தோற்ற அந்த நாலாமவனை எடுத்துக்கொள்ளலாம், பாவம்! டார்ஸ்கி என்ற போலந்துக்காரர் கண்டது இது.

மூன்று பேரானால் நடக்காது. முதல்வன் இரண்டாமவனை வீழ்த்துவான், இரண்டாமவன் மூன்றாமவனை, மூன்றாமவன் முதல்வனை. வட்டம் உடையாது. வேறு எந்த உபாயமும் பலிக்காது என்பதும் நிரூபணமான விஷயம்.

இரண்டுக்குக் கொடுத்த இடம் மூன்றைத் தொடாமல் நாலில் போய் உட்காருகிறது! எந்தப் பாட்டியும் இப்படி எச்சரித்திருக்க மாட்டாள். நான் காவல் காத்ததெல்லாம் எந்த வாசலையோ?

மாலையில் பையன் இந்த வழியாகத்தான் வருவான். கூப்பிடலாம் என்றுதான் இருக்கிறேன்.