பிறை என்னும் சொல்லும் நம் கடைக் கணக்கும்

 

வானில் வளைந்து தோன்றும் கீற்றை நாம் பிறை என்கிறோம். மலாய்க்காரர் புலான் சாபிட் என்பர். சாபிட் என்றால் அரிவாள். நம் ஊர் வீடுகளில் சுவரிலே விளக்கு வைக்கும் மாடத்துக்கும் பிறை என்றே பெயருண்டு. அரபியில் ஹிலால். அச்சொல்லின் வேரில் குரலை உயர்த்துதல் என்னும் கருத்து இருப்பதாக மொழி வல்லார் கூறுவர். பிறை கண்டவன் கூவாமல் இருப்பானா? நம் பிள்ளைகள் பெருநாள் இரவில் போடும் சப்தமே சாட்சி!

மினாராவின் உச்சியில் பிறை இருப்பது அழகுக்கு. மார்க்கம் விதித்த சின்னமன்று. பிறைகளைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது இறங்கிய பதில் சூரா பகராவின் 189-ஆம் ஆயத்தில் இருக்கிறது. மனிதருக்குக் காலத்தைக் கணித்துக் காட்டவும், ஹஜ்ஜின் நாளை அறிவிக்கவுமே அவை என்பது அதன் கருத்து. கடன் தவணையும், பெண்களின் இத்தாவும் இதில் அடங்கும் என முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். நம் முன்னோரும் தேதி என்னாமல் "ரஜப் பிறை 27" என்றே சொன்னார்கள். முழுநிலா நாளையும் பிறை 14 என்கிறோமே! கீற்றைக் குறித்த சொல் நாளுக்கே பெயராகிவிட்டது.

ஆனால் காஜாங்கில் கடை நடத்தும் நாம் வருஷக் கணக்கை எப்போது முடிக்கிறோம்? பெரும்பாலோர் டிசம்பர் 31-இல். வருமான வரிக்கு அது சரி. ஜகாத்துக்கு? பிறை வருஷம் 354 நாள், சில வருஷம் 355. ஆங்கில வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகவே ஆங்கில வருஷம் 33 செல்வதற்குள் பிறை வருஷம் 34 ஆகிவிடுகிறது. டிசம்பருக்கு டிசம்பர் நூற்றுக்கு இரண்டரை கொடுத்து வந்தவர், ஒரு முழு வருஷத்து ஜகாத்தை ஏழைகளுக்குப் பாக்கி வைத்தவராகிறார்.

பிறரைச் சொல்வானேன்? நானே எட்டு வருஷம் அப்படிக் கொடுத்தவன். மஸ்அலா கேட்டுக் கூட்டிப் பார்த்தால் 88 நாள் விடுபட்டிருந்தது. கடனுக்குச் சரக்கு வாங்கியவர் ஒரு நாள் தவறினாலும் பேரேட்டைப் புரட்டுகிற நான், இதைப் புரட்டவில்லை.

ஆங்கிலக் கணக்கை விட முடியாதவர் நூற்றுக்கு 2.577 வீதம் கொடுக்கலாம் என உலமாக்கள் வழி காட்டியுள்ளனர். அதாவது 1,00,000 வெள்ளிக்கு 2,500 அல்ல, 2,577 வெள்ளி. அதைவிட, சொத்து நிஸாபை எட்டிய பிறையைக் குறித்து வைத்து, வருஷந்தோறும் அதே பிறையில் சரக்கையும் ரொக்கத்தையும் வரவேண்டிய கடனையும் எண்ணுவது நேர்வழி. இந்நாட்டு நாட்காட்டியில்தான் ஹிஜ்ரி தேதியும் அச்சிட்டிருக்கிறதே, என்ன சிரமம்?

என் பேரேட்டின் முதல் பக்கத்தில் இப்பொழுது "ரமலான் பிறை 1" என்று எழுதியிருக்கிறேன். அந்த 88 நாளின் பாக்கியையும் இந்த ரமலானிலேயே தீர்க்க நிய்யத்து வைத்துள்ளேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.