மூப்பின் மறதியும் உயிரின் உண்மையும்

மக்கட்கு மூப்பினால் வருந் தளர்ச்சி இருவகைத்து. உடல் தளர்தல் ஒன்று. அறிவு தளர்தல் மற்றொன்று. முன்னையதைக் கண்டு இரங்குகின்ற உலகம் பின்னையதைக் கண்டு அஞ்சுகின்றது. நடக்கமாட்டாத முதியவரைக் கைபிடித்து நடத்தலாம். தாம் பெற்ற மகனையே யாரென்று வினவும் முதியவர்க்கு யாது செய்வது? பல்லாண்டு சிவபூசை வழுவாது இயற்றிய ஒருவர் தாம் தீக்கை பெற்றதனையும் மறந்தனராயின், அவர் ஈட்டிய சிவபுண்ணியம் என்னாம்? பூசை இயற்றிய அவ்வுயிர் இன்னும் உளதோ, உடம்பு மாத்திரம் எஞ்சியதோ? இவ்வினாக்கள் இக்காலத்துச் சைவக் குடும்பங்களிலும் திருமடங்களிலும் எழுந்துள்ளமையின், மெய்கண்ட சாத்திர நெறிநின்று இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இம்மறதியை வைத்தியர் டிமென்ஷியா என்பர். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906-ஆம் ஆண்டில் அதனை முதன்முதல் விளக்கிய ஜெர்மானிய வைத்தியர் ஆல்சைமர் பெயரால் வழங்குவது. அதன்கண் மூளையின் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மாய்கின்றன. நம் நாட்டில் அறுபதாண்டு கடந்தாருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடையர் என 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது.

நாம் வாழும் பள்ளிகொண்டாவிற்குக் கிழக்கே உள்ள வேலூரைச் சார்ந்த நாட்டுப்புறமும் இவ்வாராய்ச்சியிற் பெயர் பெற்றதேயாம். பல தேசத்தாரும் கூடி நடத்திய ஆய்விற்கு இந்திய நாட்டுப்புறத்தின் சார்பாக அமைந்த இடம் அதுவே. முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. மேல்நாட்டார் வகுத்த பழைய அளவுகோல் கொண்டு நோக்கியபோது, இங்குள்ள முதியோருள் இந்நோயுடையார் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு என்று கண்டனர். எல்லா நாட்டார்க்கும் பொருந்துமாறு புதிதாக அமைத்த அளவுகோல் கொண்டு நோக்கியபோதோ, ஆராய்ந்த இடங்கள் யாவற்றினும் நூற்றுக்கு ஐவர்க்குக் குறையாமற் காணப்பட்டனர். இவ்வேறுபாட்டிற்கு அவர் கூறிய காரணம் சிந்திக்கற்பாலது. நாட்டுப்புறத்து வீட்டார், முதியவரது அறிவுத் தளர்ச்சியைக் குறையென்று எடுத்துரைப்பதில்லை. வயது ஆயிற்று என்று அமைந்துவிடுகின்றனர். இவ்வமைதி ஒருபால் அன்பு, ஒருபால் பாராமுகம். இவற்றுள் எது எவ்வீட்டில் நிகழ்கின்றது என்பதை அவ்வவ்வீட்டார் தம் நெஞ்சையே வினவியறிதல் வேண்டும்.

இனி, உலகாயதர் கூறுமாறு: “மூளையின் ஒரு பகுதி கெட நினைவு கெடுகின்றது, மற்றொரு பகுதி கெடச் சொல் கெடுகின்றது. சென்னை ஐஐடியின் மூளை ஆராய்ச்சி மையத்தார் கருவிலுள்ள சிசுவின் மூளையை நுண்ணிய தகடுகளாக அரிந்து 5,132 படங்களாக 2024-இல் வெளியிட்டனர். அவற்றுள் எப்படத்தினும் உயிர் என்றொன்று காணப்பட்டிலது. ஆகலின் மூளையின் தொழிலே உயிர், அது மாய்ந்தவழி உயிரும் மாய்ந்தது” என்பர்.

அது பொருந்தாது. உயிர் கருவிகளின் துணையின்றித் தானே யாவும் அறியும் என்று கூறுவார்க்கே இந்நோய் பெரியதோர் தடையாம். நமது சித்தாந்தமோ அவ்வாறு கூறிற்றில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள், தம்மியல்பிற் சடம். உயிர் அவற்றின் வேறாயினும், ஆணவ மலத்தான் மறைப்புண்டமையின் அவற்றொடு கூடியன்றி ஒன்றனையும் அறியாது. இதற்குச் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் அரசனும் அமைச்சரும் என்னும் உவமை கூறிற்று. அமைச்சர் ஒவ்வொருவராக விலகியவழி அரசன் ஆணை செல்லாது; அதுபற்றி அரசன் இலன் என்பார் எவருமிலர். ஆகவே மூளை கெட அறிவு விளங்காமை நம் கொள்கைக்கு மாறன்று. அதனோடு முற்றும் இயைவதேயாம். அரிந்த தகடுகளில் உயிரைத் தேடுதலும், காட்சிப்பொருள்களிடையே காண்பானைத் தேடுதலை ஒக்கும்.

அற்றேல், விளங்காத ஒன்றனை உளதென்று எவ்வாறு துணிவது எனின், கூறுதும். அயர்ந்த உறக்கத்தில் நாம் அனைவரும் நாள்தோறும் ஒன்றும் அறியாது கிடக்கின்றோம். விழித்தபின் ‘நான் உறங்கினேன்’ என்கின்றோம். கருவிகள் ஒடுங்கியபோதும் ஒடுங்காது நின்றதொன்று இல்லையாயின் அவ்வாறு கூறுதல் கூடாது. நமது பாலாறு ஆண்டிற் பெரும்பகுதி வெறுமணலாகக் கிடப்பினும், மணலைத் தோண்டுவார்க்கு ஊற்றுநீர் சுரக்கின்றது. மேலே ஓடவில்லை என்பதனால் நீர் இல்லையென்று துணிதல் கூடாமை காண்க.

இன்பதுன்ப நுகர்ச்சியும் ஈண்டுக் கருதற்பாலது. அமெரிக்க தேசத்து ஐயோவாப் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று நம் உள்ளத்தை உருக்குவது. ஆல்சைமர் நோயுடையார்க்குத் துயரமூட்டும் படக்காட்சிகளையும் மகிழ்ச்சியூட்டும் படக்காட்சிகளையும் தனித்தனியே காட்டினர். சிறிது பொழுதில் அவர் தாம் கண்டதனை மறந்தனர். ஆயினும் அக்காட்சியால் எழுந்த துயரமும் மகிழ்ச்சியும் அவரை விட்டு நீங்கவில்லை. நிகழ்ந்தது மறைந்தது, நுகர்ச்சி நின்றது. நுகர்வோன் உயிரே என்பது சித்தாந்தத் துணிபு. அந்நுகர்ச்சிக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு என உலகாயதர் கூறின், உண்டு என்றே நாமும் உடன்படுவாம். கருவியின்றி நுகர்ச்சி இல்லை. நாம் ஈண்டுக் கொள்வது, நினைவு என்னும் ஒரு கருவி ஒழிந்தமையான் உயிர் ஒழிந்ததென்று கூறல் கூடாது என்பதே.

பழக்கமும் அத்தன்மைத்தே. ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோயின்பொருட்டு மூளையின் ஒரு பகுதியை நீக்கினர். அதன்பின் புதியதொன்றனையும் அவர் நினைவிற் கொள்ளமாட்டாராயினர். ஆயினும் கண்ணாடியிற் பார்த்துக்கொண்டே உடுவடிவம் வரையும் பயிற்சியை அவர்க்கு அளித்தபோது, முன்னாட் பயின்றமை அறியாராகவே நாளுக்கு நாள் அவரது கை தேர்ச்சியுற்றது. பேரர் பெயரை மறந்த முதியவர், ஒருவர் தேவாரம் எடுத்துக்கொடுப்பத் தாமும் பிழையின்றித் தொடர்ந்து ஓதுதலை நாமும் கண்டதுண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பாண்டிக்கொடுமுடியில் அருளிய நமச்சிவாயத் திருப்பதிகத்தை ஓதுவார், நெஞ்சு மறந்தபோதும் நா மறவாமையாகிய அதன் கருத்தை ஈண்டு நினைவு கூர்வாராக. இளமையில் ஓதுக என்று ஆன்றோர் விதித்ததன் பயன் இதனானும் விளங்கும்.

இனிச் சிவபுண்ணியம் என்னாம் என்னும் வினாவிற்கு விடை எளிது. வினையின் கணக்கு, செய்தவனது நினைவில் இருப்பதன்று. வினை சடம், உயிர் அதனை அறிந்து தானே எடுத்து நுகரமாட்டாது, பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். முற்பிறப்புக்களில் செய்தவற்றை நாம் ஒருவரும் நினைத்திலேம்; அவற்றின் பயன் வாராதொழியவில்லை. அங்ஙனமாக, இப்பிறப்பின் நினைவு ஒழிந்தமையால் இப்பிறப்பின் புண்ணியம் ஒழியும் என்று அஞ்சுதல் எற்றுக்கு? உண்மையில் மறதி முதியோர்க்கே உரிய குறையன்று. தாய் மடியிற் கிடந்த நாளை மறந்தோம். வந்த வழியை மறந்தோம். இறைவனையும் மறந்தே திரிகின்றோம். நம் மறதிக்கும் அவர் மறதிக்கும் உள்ள வேறுபாடு அளவினாலாயதே.

மறைத்தலும் இறைவனது ஐந்தொழில்களுள் ஒன்றாகலின் இந்நோயும் அருளே, மருந்து வேண்டா என்று வாளாவிருப்பாரும் உளர். அது பேதைமையாம். பசியும் வினைப்பயனே, அதுபற்றி எவரும் உணவை விலக்குவதில்லை. இந்நோய்க்குரிய ஏதுக்களுள் விலக்கத்தக்கவை பதினான்கு என்றும், அவற்றை முற்றும் விலக்க இயலுமாயின் நோயில் நூற்றுக்கு 45 பங்கு தடுக்கவோ காலந்தாழ்க்கவோ கூடும் என்றும் 2024-இல் லான்செட் வைத்திய இதழின் குழுவினர் உரைத்தனர். குருதி அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், மதுவின் மிகுதி, உடலுழைப்பின்மை, இளமைக் கல்வியின்மை, செவி கண் மழுங்கல், தனிமை என்பன அவற்றுட் சில. இதனை உடலை நெடுங்காலம் வைத்திருக்கும் ஆசையாற் கூறுகின்றோமல்லோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோலும் நெடுங்காலம் கெடாதிருக்கின்றது. அஃது அழியாமையே பயனாயின் அதனினும் சிறந்த வாழ்வு இல்லை. உடம்பும் மூளையும் சிவனை அறிதற்கு அவன் தந்த கருவிகள் ஆகலின் ஓம்பத்தக்கன என்பதே நம் கருத்து.

தேவாரம் ஓதுவார்க்கு இந்நோய் வாராது என்றும் நாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுதல் திருமுறைக்கும் ஆராய்ச்சிக்கும் தீங்காம். நாம் வேண்டுவன சில. செவி மழுங்கிய முதியவரை ஓதுவார்க்கு அணித்தே இருத்துக. அவரைக் கூட்டு வழிபாட்டினின்றும் விலக்கி அறையில் இருத்தற்க. நித்திய கருமம் இயலாதார்மீது குற்றம் ஏற்றாது, அவர் அருகிருந்து பிறர் பூசை இயற்றி நீறு அளிக்க. ஒரே வினாவை அவர் நூறுமுறை வினவினும் கடுஞ்சொல் சொல்லற்க. அச்சொல்லை அவர் மறப்பர், அதனாலாய துன்பம் அவரிடத்தே தங்கும்.

பள்ளிகொண்டாவிற்கு அணித்தாகிய விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளிய பெருமானுக்கு வழித்துணைநாதர் என்பது திருநாமம். வழி அறிந்தார்க்கு மாத்திரம் துணையாவன் எனின் அத்திருநாமத்திற்குச் சிறப்பில்லை. வழியை மறந்தார்க்கும், தாம் வழிச்செல்வோம் என்பதனையே மறந்தார்க்கும் அவன் துணையாவன். உயிர் அவனை மறப்பினும் அவன் உயிரை மறத்தல் இல்லை. அவன் மறவாத ஒருவரை அவர் வீட்டாரும் மடத்தாரும் மறவாதிருத்தல் சைவர்க்குக் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.