உரக்கடைக் கணக்கும் அணுவிரதமும்

யூரியா மூட்டை 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 காசு. அரசாங்கம் போட்ட விலை, கூட்டி விற்க முடியாது. வியாபாரிக்கு டன்னுக்கு 354 ரூபாய் கழிவு. மூட்டைக்குப் பிரித்தால் பதினாறு ரூபாய்க்குச் சற்றுக் கீழே வரும். இறக்குகூலி, வாடகை, கைரேகை மெஷினில் பில் போடும் பையனின் சம்பளம் எல்லாம் அந்தப் பதினாறு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். ஆரணியில் உரக்கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: யூரியா கூட்டத்தைக் கொண்டுவரும், காசைக் கொண்டுவருவது கண்ணாடி அலமாரி. அந்த அலமாரியில் இருக்கும் பூச்சிமருந்து ஒரு பாட்டில் போனால் ஏழெட்டு மூட்டை யூரியாவின் லாபம் வந்துவிடும். மார்ச் கடைசியில் ஆடிட்டரிடம் கணக்கு கொடுக்கும்போது லாபம் என்று நிற்கிற தொகையில் பெரும்பங்கு அந்த அலமாரியிலிருந்து வந்தது.

நான் நயினார், தமிழ்ச் சமணன். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிற வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போய்ப் பூச்சிக்கொல்லி விற்கிறேன். கொல்லாமையை முதல் விரதமாக ஏற்றவன் இந்த லாபத்தை எடுக்கலாமா? என் தொழிலில் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. கடனும் வாராக்கடனும் இதற்குப் பிறகுதான்.

வடக்கே உள்ள சமணர்களில் பலர் உழவின் பக்கம் போனதில்லை. ஏர் மண்ணைக் கிழித்தால் உயிர் போகும் என்று வாணிகத்தோடு நின்றுகொண்டார்கள். எங்கள் பக்கம் அப்படியல்ல. ஆரணி, வந்தவாசி, போளூர், செஞ்சி வட்டாரங்களில் நயினார் என்றாலே நிலம் நீச்சு உள்ளவர் என்று அர்த்தம். அதற்கு எங்களுக்கு ஆதாரமும் உண்டு. முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆறு தொழில்களில் உழவு ஒன்று, வாணிகம் ஒன்று. ஓராண்டுக்கு மேல் உண்ணாதிருந்த அவருக்குச் சிரேயாம்ச மன்னன் கரும்புச்சாறு கொடுத்த நாளைத்தான் அட்சய திரிதியை என்று கொண்டாடுகிறோம். நகைக்கடை விளம்பரங்களில் அந்த நாளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு பயிரின் சாறு பசித்தவருக்குப் போய்ச் சேர்ந்த நாள் அது.

இல்லறத்தானுக்கு இம்சையை நான்காகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமென்றே கொல்வது சங்கல்பம். சமையல், வீடு பெருக்கல் என்று குடும்பம் நடத்துவதில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்யோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். துறவி நான்கையும் முழுக்க விடவேண்டும். எங்களைப் போன்றவர்கள் முழுக்க விடவேண்டியது முதலாவதை. மற்ற மூன்றையும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். ஆகவே உழவன் பயிரைக் காக்க மருந்தடித்தால் அது மூன்றாவது வகை. அவனுக்கு அதை விற்பவனும் அதே வகையில் வருவான் என்று எங்கள் ஆட்களில் பலர் ஆறுதல் சொல்வார்கள்.

அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் எங்கள் சமயமே இன்னொன்றையும் சொல்கிறது: தானே செய்தாலும், பிறரைக் கொண்டு செய்வித்தாலும், பிறர் செய்வதற்கு இசைந்தாலும் வினை ஒட்டும். கிருதம், காரிதம், அனுமோதனை. ஆரணியிலிருந்து போளூர்ப் பக்கம் போனால் திருமலை. ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயம் அங்கே இருக்கிறது. அங்கே மலைப்பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் நேமிநாதர் சுமார் ஐம்பதடி உயரம். அவர் துறவு பூண்ட கதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். கல்யாண ஊர்வலத்தில் போகும்போது பட்டியில் அடைத்த விலங்குகளின் அலறல் கேட்கிறது. எதற்கு என்று கேட்டால், உங்கள் கல்யாண விருந்துக்கு என்கிறார்கள். கத்தியை அவர் தொடவில்லை, கட்டளையும் இடவில்லை. தன்னை முன்னிட்டு நடக்கிறது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது, அங்கேயே திரும்பிவிட்டார். அந்தப் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு, “தெளிப்பவர் அவர், நான் விற்றதோடு சரி” என்று எப்படிச் சொல்வது?

கடையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். சேவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா நெல் இலையைப் பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வருவார். “நயினாரே, பயிரு வெளுத்துப் போச்சு. எதனா ஸ்ட்ராங்கா குடு.” இலையை வாங்கிப் பார்ப்பேன். இலைச்சுருட்டுப் புழு. சின்னஞ்சிறு பச்சைப் புழு, தன் வாய் நூலால் இலையின் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்துக் குழலாக்கி, உள்ளே உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டும். வெளியே வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். பட்டுத்தறி ஊரான ஆரணியில் இந்தப் புழுவின் தையலை நான் எப்போதும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதுண்டு. “நட்டு எத்தினி நாள் ஆவுது?” என்று கேட்டால், “இருபத்தஞ்சு நாள் இருக்கும்” என்பார்.

இருபத்தைந்து நாள் பயிர் அந்தச் சேதத்தைத் தானே ஈடுகட்டிவிடும். புது இலை விட்டுத் தூர் கட்டிக்கொள்ளும். 1994இல் வியட்நாமின் மேகாங் பகுதியில், விதைத்து முதல் 40 நாள் பூச்சிமருந்தே அடிக்காதீர்கள் என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் முன்னின்று செய்தது. தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. அதற்கும் முன்னால் 1986இல், புகையான் பூச்சி நெல்லை அழித்துக்கொண்டிருந்த இந்தோனேசியாவில் நெல்லுக்கு 57 மருந்துகளை அரசே விலக்கியது. மருந்தால் சாவது முதலில் வயலில் இருக்கும் சிலந்தியும் புகையானைத் தின்னும் நாவாய்ப்பூச்சியும்தான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். காவல் செத்த பிறகு புகையான் பெருகுகிறது. அதற்கு அடுத்த மருந்து. கடைக்காரருக்கு இரண்டு பில்.

அந்த அம்மாவிடம் “ஒண்ணும் வேணாம்மா, பத்து நாள் பாரு” என்று சொல்லி அனுப்பினால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை, வரவும் இல்லை. மருந்தோடு ஒரு டானிக்கும் சேர்த்துக் கொடுத்தால் அன்றைய கடை வாடகை கைக்கு வந்துவிடும். தொழில் இம்சைக்கும் சங்கல்ப இம்சைக்கும் நடுவே உள்ள கோடு அந்த அம்மாவின் வயலில் இல்லை என்பது என் முடிவு. கல்லாவுக்கு இந்தப் பக்கம், இலையைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறக்கும் இடத்தில் இருக்கிறது. தேவைக்கு விற்றால் தொழில். பயத்துக்கு விற்றால், தேவையில்லை என்று தெரிந்தே உயிர்களைக் கொல்ல அனுப்புகிறேன் என்றாகிறது; அதற்குத் தொழில் என்ற மறைப்பு கிடையாது.

சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் வந்த அருங்கலச்செப்பு எங்கள் வீடுகளில் படிக்கப்படும் நூல். பயனில்லாமல் பிறருக்குத் தீங்கு செய்வது இல்லறத்தான் விடவேண்டியவற்றில் ஒன்று என்று இந்த மரபு சொல்கிறது. கொலைக்கு உதவும் கருவியைக் கொடுப்பது அந்தத் தீங்கின் ஒரு வகை. ஆயுதம், நெருப்பு, நஞ்சு என்று உரைகாரர்கள் விரித்துச் சொல்வார்கள். சிறுவயதில் இதைக் கேட்டபோது நஞ்சு யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு கடையில் உட்கார்ந்தேன்.

கிராமத்தில் ஒரு வீட்டில் சண்டை வந்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது மருந்து பாட்டில். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து எத்தனை குடும்பங்களை அழித்தது என்று வேலூர், திருவண்ணாமலை ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள். தற்கொலைகளை முன்னிட்டுத் தமிழ்நாடு அரசு அது உட்பட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. மாநிலத்துக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். 2023இல் மத்திய அரசு அதை விலக்கும் ஆணையைக் கொண்டுவந்தது. இலங்கை இதை 1995லேயே செய்துவிட்டது. அந்த ஆண்டு அங்கே லட்சம் பேரில் சுமார் 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய மருந்துகளைக் கடையிலிருந்து எடுத்த பத்தாண்டில் அது பாதியானது, பிறகும் இறங்கியது. நெல் விளைச்சலுக்குக் குறை வரவில்லை. மனிதர்களுக்குத் துயரம் குறைந்துவிடவில்லை, எட்டும் இடத்தில் அந்த நஞ்சு இல்லை, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு, சட்டம் விலக்கும் வரை விற்பேன் என்று ஒரு சிராவகன், அதாவது சமண இல்லறத்தான், சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டம் கடைசியில் வருவது. விரதம் அதற்கு முன்னால் வரவேண்டும்.

அதே இலங்கை 2021இல் ரசாயன உரத்தையே ஒரே வீச்சில் நிறுத்தியது. சில மாதங்களில் நெல் சரிந்தது, அரசு பின்வாங்கியது. பசித்தவன் வயிற்றில் விழும் அடியும் இம்சைதான். அதனால் அலமாரியை மொத்தமாகக் காலி செய் என்கிறவர்களோடும் நான் இல்லை.

சோற்றுப் பக்கத்துக் கணக்கு இவ்வளவு சிக்கலானது அல்ல. என் மச்சான் அரிசி மண்டி வைத்திருக்கிறார். என்னிடம் கடனுக்கு உரம் வாங்கியவர்களின் நெல் அங்கே போகும். எங்கள் சமயத்தின் தத்துவார்த்த சூத்திரம் திருடாமை விரதத்துக்கு வரும் குற்றங்களைச் சொல்லும்போது குறைந்த எடையையும் கலப்படத்தையும் சேர்த்திருக்கிறது. ஈரப்பதக் கழிவு என்று கூடுதலாகப் பிடிப்பதும், பழைய அரிசியில் புது அரிசி கலப்பதும் அதற்குள் நேராக வந்துவிடும். இதில் விவாதமே வேண்டாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரியைத் தவிர்க்கச் சந்தையில் 26 கிலோ பை வந்தது. அது திருட்டா என்று மச்சான் கேட்டார். எடை சரியாக இருந்து, பையில் உள்ளது பையின் மேல் எழுதியிருந்தால் திருட்டில்லை என்றேன்.

இனி லாபத்தின் அளவு. ராணிப்பேட்டை இங்கிருந்து தொலைவில்லை. 1906இல் பாரி கம்பெனி அங்கே உரத் தொழிற்சாலை தொடங்கியது. அந்த மரபில் வந்த கோரமண்டல் இன்டர்நேஷனல் உரமும் பூச்சிமருந்தும் செய்கிறது. அதைத் தன் துணை நிறுவனமாகக் கொண்ட ஈ.ஐ.டி. பாரி சர்க்கரை செய்கிறது. கோரமண்டலின் விற்பனை 2022-23இல் 29,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டு 22,000 கோடி அளவுக்கு வந்தது. உக்ரைன் போரில் ஏறிய மூலப்பொருள் விலை இறங்கியது, அரசு கொடுக்கும் மானியமும் இறங்கியது. வயலில் பயிர் அதே விகிதத்தில் ஏறி இறங்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கம்பெனிக் கணக்கு பணத்தை அளக்க ஏற்பட்டது, அதைச் சரியாக அளக்கிறது. மண்ணுக்கும் உயிருக்கும் என்ன ஆனது என்பதற்கு அதில் பத்தி கிடையாது. விற்கிறவன்தான் அந்தப் பத்தியைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இல்லறத்தாருக்குரிய எங்கள் ஐந்து அணுவிரதங்களில் கடைசியானது மிகுபொருள் விரும்பாமை. எனக்கு இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே அளவு கட்டிக்கொள்வது. வியாபாரத்தில் இதற்கு நேர் எதிராக நிற்பது டார்கெட். சீசன் தொடங்குமுன் மருந்துக் கம்பெனியிலிருந்து ஸ்கீம் பேப்பர் வரும்: இத்தனை பெட்டி விற்றால் தங்கக் காசு, அதற்கு மேல் போனால் வெளிநாட்டுப் பயணம். நாற்றங்காலில் விதை முளைக்குமுன், ஒரு புழு முட்டையிடுமுன், எத்தனை பாட்டில் வயலுக்குப் போக வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. கொல்வதற்கான எண்ணம் முதலில், உயிர் பிறகு. சங்கல்பம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

நான் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள் என்று சொல்வார்கள். உண்மை, வாங்குவார்கள். அந்த அம்மா சில தடவை அப்படி வாங்கியும் இருக்கிறார். அது அடுத்த கடைக்காரரின் கணக்கு. என் வினையை அவர் சுமக்க முடியாதது போலவே அவர் வினைக்காக நான் என் அளவை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

நவரைக்கு நாற்று விட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஆண்டு ஸ்கீம் பேப்பர் வந்திருக்கிறது. கடையை இப்போது என்னோடு சேர்ந்து பார்க்கும் மகன் கையெழுத்துப் போடலாம் என்கிறான், வேண்டாம் என்றிருக்கிறேன். “அப்பா, வாடகை ஏறிடுச்சு. பதினாறு ரூபாய்ல எப்படி ஓட்டறது?” என்று அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பூண்டி ஜினாலயத்துக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நோட்டை விரித்து உட்கார்ந்தோம். விதைநெல், வேப்பம் பிண்ணாக்கு, இனக்கவர்ச்சிப் பொறி, நுண்ணூட்டம், களையெடுக்கும் கோனோவீடர் வாடகை என்று ஒரு பக்கம் எழுதினான். எதிர்ப்பக்கம் ஸ்கீமில் வரவேண்டியதை எழுதினான். இரண்டுக்கும் நடுவே இன்னும் பெரிய இடைவெளி இருக்கிறது. கடன் நிலுவையை அறுவடைக்குள் வசூலித்தால் எவ்வளவு குறையும் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.